தினமும் காலை பார்க்கவும்

வியாழக்கிழமை, மதியம்

அன்பும் அறிவும் நிறைந்த என் பேத்தி கிறுக்கிக்கு உன் பாட்டி எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சௌக்கியமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை என்று உன் அம்மா சொல்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இதைக் கொண்டுவந்து கொடுக்கிறவர் பஸ் டிரைவர். நாளைக்கு உன் ஊருக்கு வண்டி எடுக்கிறார். தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வந்து சேருமோ சேராதோ என்று அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முதலில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடு. பிறகு படி. அவர் யார் என்பது கடிதத்தின் பாதியில் வரும்.

கிறுக்கி என்று எழுதிவிட்டேனே என்று கோபித்துக்கொள்ளாதே. ஆபீசில் உன்னை மேடம் என்கிறார்களாம். இருக்கட்டும். மூன்று வயதில் சமையலறைச் சுவர் முழுக்கப் பென்சிலால் கிறுக்கி வைத்தவள் நீ. உன் அம்மா துடைக்க வந்தபோது, "தொடாதே, பிள்ளை ஏதோ எழுதியிருக்கா, பெருசானதும் என்னன்னு கேட்டுக்கலாம்" என்று தடுத்தவள் நான். அப்போதே எனக்குத் தெரியும், நீ எழுத்தால்தான் பிழைப்பாய் என்று.

ஆறு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது பார். மூன்று நாளாக நீ ஆபீசுக்குப் போகவில்லை என்றும், வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றும், உன் மேலதிகாரி அதில் கையெழுத்துப் போடாமல் திங்கட்கிழமை வரை யோசி என்று சொல்லியிருக்கிறார் என்றும் உன் அம்மா சொன்னாள். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். "நான் எழுதின எழுத்தாலதாம்மா பாட்டி கால் போச்சு" என்று நீ அழுதாயாம்.

முதலில் அதைத் திருத்திக்கொள். கால் போகவில்லை. இடது கால் சுண்டுவிரல் போயிற்று. இரண்டு மாதம் முன்னால் "சின்ன ஆபரேஷன்" என்று உனக்குச் சொன்னது பொய்யில்லை. சின்ன விரல், சின்ன ஆபரேஷன். வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாய், லீவு கேட்டுக்கொண்டு ஓடிவருவாய் என்றுதான் மறைத்தோம். மறைத்தது என் யோசனை. உன் அம்மாவைத் திட்டாதே. போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஏதோ சிரிக்கிற விஷயம் மாதிரி எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டிவிட்டாள். உனக்கு அது சிரிப்பாக இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன். நான் எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

நீ வேலையில் சேர்ந்த மாதம் ஒரு கட்டு நோட்டீஸ் அனுப்பினாயே, சர்க்கரைக்காரர்களுக்கு என்று. "பாட்டி, இது நானே எழுதினது, எங்க சுகாதார ஆபீஸ்ல என் மொத வேலை" என்று மேலே ஒரு சீட்டு வைத்திருந்தாய். அந்தச் சீட்டு இன்னும் என் கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. பன்னிரண்டு நோட்டீஸ். ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டு பதினொன்றைச் சட்டைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். தைத்த சட்டையில் குறை பார்க்கிற எங்கள் செக்கிங் ஹாலில் ஒருத்தியை விடவில்லை. சர்க்கரை இல்லாதவளுக்கும் கொடுத்தேன், மிஞ்சின ஒன்றை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். "எனக்கு எதுக்கு?" என்று கேட்டவளிடம், "வரும்போது இருக்கட்டும்" என்றேன். எதிர் டேபிள்காரிதான் முணுமுணுத்தாள், "இந்தம்மாவுக்குப் பேத்தி பொறந்ததுலேர்ந்து நமக்கு வேலை ஓடல" என்று. பொறாமை.

என்னுடைய நோட்டீஸை வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில், நாலு மூலையிலும் செலோடேப் போட்டு ஒட்டினேன். ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினேன். அதில் மேலே மாத்திரை பற்றி ஒரு வரி. அடுத்து சாப்பாடு பற்றி. அடுத்து நடை. நாலாவது வரி, "எங்கே புண் வந்தாலும் வந்த அன்றே காட்டுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்." கடைசியில் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், "தினமும் காலை பார்க்கவும்."

எனக்கு அது தெளிவாகப் புரிந்தது. "பின்பக்கம் பார்க்கவும்" என்று போடுவார்களே, அந்த மாதிரி. இந்தத் தாளைத் தினமும் காலையில் பார்க்க வேண்டும், அப்போதுதான் மறக்காது. பிள்ளை எவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். நீ சொல்லாவிட்டாலும் பார்த்திருப்பேன், சொன்னபிறகு கேட்கவா வேண்டும்? தினமும் பல் தேய்த்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டே மேலிருந்து கீழே ஒரு தடவை படிப்பேன். கடைசி வரிக்கு வந்ததும், "பார்த்துட்டேன்டி கண்ணு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். ஐந்து மாதம். ஒரு நாள் விடவில்லை. காய்ச்சல் வந்த நாளில்கூட எழுந்து போய்ப் பார்த்தேன்.

காலின் படம் பின்பக்கம் இருந்ததாம். பின்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது விரலுக்கு வருகிறேன். செக்கிங் ஹாலுக்குள் துணி ஷூதான் போட வேண்டும், உனக்குத் தெரியும். அந்த ஷூவுக்குள் ஒரு சட்டைப் பொத்தான் விழுந்திருக்கிறது. உடைந்த பாதிப் பொத்தான். எத்தனை நாள் அதன்மேல் நின்றேனோ தெரியாது. சர்க்கரை வந்து காலில் உணர்ச்சி குறைந்துபோனதும் எனக்குத் தெரியாது. கால் மரத்த மாதிரி இருந்ததை, வயசுக்கு ஓய்வு கேட்கிறது என்று நினைத்தேன். இருபத்தாறு வருஷமாக ஒரு தளர்ந்த பொத்தானை என் டேபிளைத் தாண்ட விட்டதில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்து ஒரு பொத்தான் பழிவாங்கியிருக்கிறது. இதற்கு நீ சிரிக்கலாம். நான் சிரித்துவிட்டேன்.

கண்டுபிடித்தவள் எதிர் டேபிள்காரி. என் வெள்ளைக் காலுறையில் ஓரமாகக் கறை இருந்ததைக் குனிந்து கத்தரிக்கோல் எடுக்கும்போது பார்த்துவிட்டாள். "அம்மா, உங்க பீஸ்ல டேமேஜ்" என்று கத்தினாள். நான் கையிலிருந்த சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. "சட்டைல இல்ல, கால்ல!" என்றாள். ஹாலே எழுந்து வந்தது. அவளைப் பொறாமைக்காரி என்று மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தால் தாள் அசிங்கமாகும். நீயே மனதில் அடித்துக்கொள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எப்படி அன்றைக்கே போனேன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன், ஞாபகமாகக் கேள். விரலை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. பரவாயில்லை, கையில் பத்து இருக்கிறது, எனக்குச் சோறு போடுவது கைதான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள்தான் அழுதாள்.

அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றப் போனேன். கட்டுக் கட்டும் அறை சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி, சுவரோரம் பெஞ்சில் ஐந்தாறு பேர், எல்லோருக்கும் ஏதோ ஒரு காலில் வெள்ளைக் கட்டு. நர்ஸ் உன்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். முதல் நாள் என்னை, "வாங்க பாட்டி" என்றாள். "பாட்டின்னு கூப்பிட எனக்கு ஒருத்தி இருக்காம்மா, நீ வேற ஏதாவது சொல்லிக் கூப்பிடு" என்றேன். கோபிக்கவில்லை. "அப்ப என்ன வேலை செய்யறீங்க, அதைச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து செக்கிங்கம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த அறையில் யாரையும் அவள் நம்பர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இரண்டாவது தடவை போனபோது கட்டைப் பிரித்துக்கொண்டே, "தினமும் பார்க்கணும்னு நோட்டீஸ் கொடுத்திருப்பாங்களே செக்கிங்கம்மா, பார்க்கலையா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "பார்க்கலையாவா? அஞ்சு மாசமா ஒரு நாள் விடாம பார்த்திருக்கேன்" என்றேன். "தினமும் பார்த்துமா இவ்வளவு பெருசாகிற வரைக்கும் தெரியல?" என்றாள். "அதுல என்ன தெரியும்? முதல் நாள் எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருந்துச்சு. ஓரம்கூடப் பிரியல. செலோடேப் நல்ல செலோடேப்" என்றேன்.

அவள் கையிலிருந்த கத்தரி அப்படியே நின்றது. "செலோடேப்பா?" என்றாள். நான் விவரமாகச் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நர்ஸ் சிரிக்கவில்லை. அவள் ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் நான் மறுபடி அந்த அறைப் பக்கம் போயிருக்க மாட்டேன், கால் என்ன ஆனாலும். அவள் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த அதே நோட்டீஸைக் கிட்டத்தில் நின்று படித்தாள். "நான் இதை நூறு தடவை படிச்சிருக்கேன். எனக்கு விஷயம் தெரியுமில்ல, அதனால சரியாவே தெரிஞ்சுது" என்றாள்.

அப்போதுதான் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "எந்த முட்டாப்பய எழுதினானோ!" என்றது.

நான் கட்டுப் பிரித்த காலோடு திரும்பினேன். "பய இல்லை. பொண்ணு. என் பேத்தி" என்றேன். "ரொம்பப் படிச்சவ. நீங்க ஒரு நோட்டீஸ் எழுதிப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றும் சொன்னேன். விரலை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் பெருமையை விடவில்லையே என்று கூட வந்திருந்த உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எதற்கு விட வேண்டும்? அது வேறு, இது வேறு.

அப்படிச் சொன்னவர்தான் இப்போது உன் எதிரே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறவர். அவர் முகத்தைப் பார்க்காதே, வெட்கப்படுவார். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டார். நல்ல மனிதர். அவருக்குக் குதிகால் வெடிப்பில் புண், இப்போது ஆறிவிட்டது. அவரிடம் அந்த நர்ஸ் என்ன சொன்னாள் தெரியுமா? காலைப் பற்றியே பேசவில்லை. "டிரைவர் சார், வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயர் பார்ப்பீங்களா?" என்று கேட்டாள். "பார்க்காம எப்படி எடுப்பேன்?" என்றார். "எப்படிப் பார்ப்பீங்க?" சுற்றி வருவாராம், உதைத்துப் பார்ப்பாராம், கல் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவுவாராம். "உங்களுக்கு மொத்தம் எத்தனை டயர்?" என்று கேட்டாள். "ஆறு" என்றார். "எட்டு சார். ரெண்டு வண்டிக்கு மேல இருக்கு" என்றாள். மனிதருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அப்புறம் கண் கலங்கிவிட்டது. அதற்கு முன்னால் மூன்று வருஷமாக எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லியும் காதில் ஏறாத ஆள். வேண்டுமானால் செருப்பைக் கழற்றிக் காட்டச் சொல், குதிகால் கண்ணாடி மாதிரி இருக்கும்.

என்னிடமும் அப்படித்தான். "ஒரு சட்டை கைக்கு வந்தா எதுலேர்ந்து ஆரம்பிப்பீங்க செக்கிங்கம்மா?" என்று கேட்டாள். இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நான் சொல்லச் சொல்ல ஒரு பழைய ஃபாரத்தின் பின்பக்கத்தில் எழுதினாள். காலர் இரண்டு முனையும் ஒரே அளவா. தோள் தையல். கை. முன்பட்டியில் பொத்தானும் பொத்தான் ஓட்டையும். பாக்கெட்டுக்குள் கைவிட்டு மறந்துபோன ஊசி கீசி இருக்கிறதா. அடிமடிப்பு. கடைசியில் உள்பக்கத்தை வெளியே திருப்பி முழுக்க ஒரு பார்வை, ஏனென்றால் குறை எல்லாம் உள்பக்கம்தான் ஒளிந்துகொண்டிருக்கும்.

எழுதி முடித்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே காலின் ஒரு பாகத்தை எழுதினாள். நகம்தான் பொத்தான். விரல் இடுக்குத்தான் பொத்தான் ஓட்டை. ஷூதான் பாக்கெட், போடுவதற்கு முன்னால் கைவிட்டுத் தடவ வேண்டும். அடிப்பாதம்தான் உள்பக்கம், கண்ணாடியைத் தரையில் வைத்து அதற்குமேல் காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். குதிகாலைக் காலர் என்று போட்டாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "குதிகால் அடிமடிப்பும்மா, அதுதான் தரையில உரசும்" என்றேன். அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். "அப்ப காலர் எது?" என்றாள். கணுக்கால் என்று முடிவு செய்தோம். காலுறையின் பட்டி இறுக்கினால் அங்கேதான் தடம் விழும், காலரில் மடிப்புத் தடம் விழுகிற மாதிரியே. பெஞ்சில் காத்திருந்தவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர், "பனியனுக்கு எப்படி?" என்றுகூடக் கேட்டார்.

இப்போது தினமும் வேலை விட்டு வந்ததும், வெளிச்சம் போவதற்குள், ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இரண்டு பீஸ் செக் பண்ணுகிறேன். வலது, இடது. கம்பெனியில் குறை இருக்கிற இடத்தில் ஒட்டுவோமே சிவப்பு ஸ்டிக்கர், அதில் நாலைந்து வீட்டிலும் வைத்திருக்கிறேன். போன வாரம் வலது கட்டைவிரல் ஓரத்தில் ஒரு சின்னக் கொப்புளம். பக்கத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு நேரே நர்ஸிடம் போய்க் காலை நீட்டினேன். அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன். அப்படி ஒரு சிரிப்பு. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாலு நாளில் ஆறிவிட்டது. ஒன்பதும் பத்திரம்.

இனி உன் எழுத்துக்கு வருகிறேன்.

"ஒரே ஒரு ப் விட்டுட்டேம்மா" என்று நீ அழுததாக உன் அம்மா சொன்னதும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவருக்குப் போனேன். ஐந்தாம் வகுப்பில் எங்கள் டீச்சர், சொல்வதை எழுதச் சொல்லும்போது இந்தப் புள்ளி வைத்த எழுத்துகளுக்காகத்தான் குட்டுவார். எதற்குக் குட்டினார் என்று அறுபத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன். பேனாவால் நடுவில் ஒரு ப் போட்டு, வாய்விட்டுப் படித்தேன். "தினமும் காலைப் பார்க்கவும்." உதடு மூடித் திறக்கிற அந்த இடத்தில் கால் வந்து நின்றதடி! அதுவரைக்கும் அங்கே விடியற்காலைதான் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சின்னப் புள்ளிக்குள் எவ்வளவு பெரிய விஷயத்தை வைத்து நீ வேலை செய்கிறாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். நான் கொடுத்த பதினொன்றையும் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். எதிர் டேபிள்காரிதான் எல்லோரையும் விரட்டி வாங்கிக் கொடுத்தாள். ஒவ்வொருவரையும் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேட்டேன். ஏழு பேர் படத்தைப் பார்த்துக் கால்தான் என்று சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். மூன்று பேர் என்னைப் போலத் தாளைப் பார்த்திருக்கிறார்கள். வாட்ச்மேன் மட்டும், தினமும் காலையில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்து, நாலு நாள் தொடர்ந்து ஆஸ்பத்திரி போயிருக்கிறார். ஐந்தாவது நாள் அங்கே, "உங்களுக்கு வீட்ல வேலையே இல்லையா?" என்று கேட்டார்களாம். பதினொன்றிலும் பேனாவால் ப் போட்டேன். அந்த நாலு பேரின் காலையும் உணவு இடைவேளையில் நானே உட்காரவைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சுத்தமான பீஸ். நீ அவர்களுக்காகவும் அழுதுகொண்டிருக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதினேன்.

இப்போது நான் பின்னால் சொல்கிறேன் என்றேனே, அது.

கறையைப் பார்த்த அன்றைக்கு ஒரு அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று நாளில் பெட்டி கட்ட வேண்டும். சூப்பர்வைசர் நல்லவர்தான், ஆனால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கு வலி கிடையாது. வலி இல்லாத புண்ணுக்கு யார் ஆஸ்பத்திரி போவார்கள்? கொஞ்சம் களிம்பு தடவிக் கட்டிக்கொண்டு ஆர்டரை முடித்துவிட்டுப் போகலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "எங்கே புண் வந்தாலும் வந்த அன்றே காட்டுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்." உன் நாலாவது வரி. ஐந்து மாதம் தினமும் தலை சீவிக்கொண்டே படித்த வரி. நான் நினைத்துச் சொல்லவில்லை, அதுவாக வந்தது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். சொன்னபிறகு உட்கார முடியுமா? கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தேன். எதிர் டேபிள்காரி என் பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

சாயங்காலம் டாக்டர் பார்த்துவிட்டு உன் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டேன். இன்னும் மூன்று நாள் போயிருந்தால் கணுக்கால் வரைக்கும் எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார்.

ஆகவே கிறுக்கி, உன் கடைசி வரியில் ஒரு புள்ளி குறைந்தது, எனக்கு ஒரு விரல் குறைந்தது. உன் நாலாவது வரியில் ஒரு குறையும் இல்லை, எனக்குக் கால் இருக்கிறது. நான் ஒரு கண்ணால் பார்க்கிறவள் இல்லை. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்தக் காலோடு பத்து நாளாக மறுபடி வேலைக்குப் போய்வருகிறேன், இந்தக் கடிதத்தை டிரைவர் வீடு வரைக்கும் நானே நடந்துபோய்க் கொடுக்கப்போகிறேன். உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இரண்டு மாதமாக வாயில் வைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் அழுகை வந்துவிடும் என்று சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்டதால்தான் நீ பாதிக் கதையை மட்டும் தெரிந்துகொண்டாய். அது என்னுடைய தப்பு. ஆளுக்கு ஒரு தப்பு, சரியா?

எங்கள் ஹாலில் இரண்டு பெட்டி இருக்கும். ஒன்றில் ரிஜெக்ட் என்று எழுதியிருக்கும், திருத்தித் தைக்க வேண்டியதைப் போடுகிற ஒன்றில் ஆல்டர் என்று. ஒரு பொத்தான் இல்லை என்றால் அந்தச் சட்டையை ரிஜெக்ட் பெட்டியில் போடுகிறவளை நான் ஒரு நாளும் பக்கத்தில் உட்காரவிட மாட்டேன். பொத்தானைத் தைத்து அனுப்பு, முடிந்தது. தைத்த பெண்ணையும் யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. தைத்தவளுக்குத் தன் தையல் நேராகத்தான் தெரியும், அவள் என்ன செய்வாள்? நர்ஸே நூறு தடவை படித்துக் கண்டுபிடிக்கவில்லையே. அதற்காகத்தான் எங்களை மாதிரி ஆட்களுக்கு ஒரு டேபிள் போட்டு விளக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உன் ஆபீசில் அப்படி ஒரு டேபிள் இல்லை. அதுதான் குறை.

நான் அந்த டேபிளாக இருக்கிறேன். அடுத்த நோட்டீஸை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. நான் ஐந்தாவதுதான் படித்தேன், உன் நோட்டீஸ் போகிற பாதி வீட்டில் அதைவிடக் குறைவாகப் படித்தவர்கள் இருப்பார்கள். எனக்கு எங்கே இடறுகிறதோ அங்கே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறேன். கூச்சப்பட மாட்டேன், உன்னையும் விட மாட்டேன். இன்னொன்று. நர்ஸிடம் கேட்டேன், ஒவ்வொருவருக்கும் இப்படித் தனித்தனியாக எழுத நேரம் ஏது என்று. "எழுத இடம்தான் இல்ல செக்கிங்கம்மா, பழைய ஃபாரம் தீர்ந்துபோச்சு" என்றாள். உன் நோட்டீஸின் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெறுமையாக விடேன். நீ ஊருக்கே சொல்வதைச் சொல். டிரைவருக்கு டயர் என்றும் எனக்குச் சட்டை என்றும் அவள் அந்த இடத்தில் எழுதிக்கொள்வாள். படத்தையும் முன்பக்கமே போடு. பெருமைப்பட்டுச் சுவரில் ஒட்டுகிற பாட்டிகள் இன்னும் இருப்பார்கள்.

திங்கட்கிழமை காலையில் தலையைச் சீவிக்கொண்டு ஆபீசுக்குப் போ. அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடு. உன் மேலதிகாரிக்கு என் வணக்கத்தைச் சொல். என் சுவரில் இருக்கிற நோட்டீஸை நான் எடுக்கவில்லை. ப் போட்டு வைத்திருக்கிறேன். இன்று காலையும் பார்த்துவிட்டேன்.

உனக்கு எழுத்து ஒரு நாளும் கைவிடாமல், கண்ணும் கையும் காலும் நன்றாக இருந்து, நீ நூறு வருஷம் எழுத வேண்டும்.

ஆபீசில் லீவு கிடைக்கும்போது, ஒரு நாள் காலை பார்க்க வா. கடிதம் முழுக்கப் புள்ளி எழுத்தெல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்ட நான் அந்த ஒரு இடத்தில் மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நீ எப்படிப் படித்தாலும் எனக்குச் சரி.

இப்படிக்கு,
உன் எழுத்தைத் தினமும் படிக்கும்
பாட்டி